மணி கேட்காத பந்து

எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு என்றாலே சந்தைக்கடைதான். விளையாட்டு ஆசிரியையான எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் கோபத்தில் முக்கால்வாசி இந்த வகுப்பு வரவழைத்ததுதான். அப்படிப்பட்ட வகுப்புக்கு, வாயைத் திறந்தாலே கெட்டுப்போகும் ஒரு விளையாட்டைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஏன் புத்தி போனது என்றால், என் தம்பிக்காக.

சில வருடங்களுக்கு முன் ஒரு நோயில் தம்பிக்குப் பார்வை போய்விட்டது. அதுவரை நாங்கள் இருவரும் ஜன்னலோர சீட்டுக்கும் கடைசித் துண்டு கேக்குக்கும் அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அதற்குப் பிறகு வீடே மாறிப்போனது. அம்மா அவனைத் திட்டுவதை நிறுத்தினாள். நான் எதற்கெடுத்தாலும் விட்டுக்கொடுக்கத் தொடங்கினேன். வங்கி ஒன்றில் போனில் புகார் கேட்பது அவன் வேலை. "ஆபீஸ்ல முன்னபின்ன தெரியாதவன்லாம் திட்றான். அதுவே எவ்வளவோ தேவல," என்பான். பார்வையற்றவர்களுக்கான கோல்பால் ஆட்டத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவனுக்குள்ளிருந்து பழைய ஆள் கொஞ்சம் எட்டிப் பார்த்தான்.

வாரம் ஒரு வகுப்பு அவனை வைத்து நடத்தலாமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். முதலில் ஒரு நாள் நடத்திக் காட்டுங்கள் என்றார். தம்பியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

"ஒரு தடவ வர்றேன்," என்றான். "யாராச்சும் ஐயோ பாவம்னு எனக்கு விட்டுக் குடுத்தாங்கன்னு தெரிஞ்சா, அதோட சரி. அப்புறம் உங்க ஸ்கூல் பக்கமே தலவெச்சுப் படுக்க மாட்டேன்."

"பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்," என்றேன்.

அன்று காலையே உள்ளரங்கில் கோடுகளின் மேல் நூல் வைத்து அதன்மேல் டேப் ஒட்டினேன். காலால் தடவினாலே கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். கூடத்தின் அகலம் முழுக்க கோல். பந்துக்குள்ளே மணி இருக்கும். ஒருவர் உருட்டிவிட, எதிரணி அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாய்ந்து, படுத்து, உடம்பாலேயே தடுக்க வேண்டும். ஆடுகிற எல்லோருக்கும் கண் கட்டியிருக்கும்.

"கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு மிஸ் கட்டணும்?" என்று ஒரு கை உயர்ந்தது. எல்லாவற்றுக்கும் வாதாடுவதால் ஆசிரியர் அறையில் நாங்கள் 'வக்கீலம்மா' என்று பெயர் வைத்திருக்கும் சிறுமி அவள்.

"சில பேருக்கு லேசா தெரியும். சில பேருக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். எல்லாரும் கட்டிக்கிட்டா எல்லாரும் ஒண்ணு."

"பந்தத் தூக்கி எறியலாமா?"

"கூடாது. உருளணும், இல்லன்னா எறிஞ்சவங்க பக்கத்துலயே தரையில பட்டு வரணும். அப்பதான் மணி நல்லா கேக்கும். பறந்து வந்தா எப்படித் தடுப்பாங்க? அது ஃபவுல். எறிஞ்சவங்க தனியா நின்னு முழு கோலையும் காக்கணும்."

அவள் அதை மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டது போலத் தலையாட்டினாள்.

தம்பி தன் அணி நண்பர்கள் இருவரோடு வந்தான். எதிரே வக்கீலம்மாவும் இரண்டு பையன்களும். மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். "மூச்சு விட்டா தொலைச்சிடுவேன்," என்று மிரட்டியிருந்தேன். ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. அந்த வகுப்பில் அப்படியொரு அமைதியை அதுவரை நான் கண்டதில்லை.

தம்பியின் முதல் பந்தே கோல். நான் விசில் ஊதினேன். யாரும் வாய் திறக்கவில்லை. பார்த்தால், சுவரோரம் இருந்த அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் காது கேளாதவர்களின் கால்பந்து அணி வந்திருந்தபோது, அவர்களுக்கு அப்படித்தான் கைதட்ட வேண்டும் என்று நானே பழக்கியிருந்தேன்.

தம்பி கொஞ்ச நேரம் காத்திருந்தான். "அக்கா, எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்களா?" என்றான்.

"இவங்களுக்குக் கேக்கற மாதிரி தட்டுங்கடா," என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "கோல் விழுந்தப்புறம் கத்தலாம்."

அவ்வளவுதான். என்ன ஆயிற்றோ என்று தலைமையாசிரியை அலுவலகத்திலிருந்து ஓடி வந்துவிட்டார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. பிள்ளைகளோடு பிள்ளையாகச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

வக்கீலம்மாவின் அணியில் இருந்த பையன்களில் ஒருவன் குருட்டாம்போக்கில் உருட்டியது உள்ளே போய் ஆட்டம் சமமானது. நேரம் முடியப் போகிறது. தம்பி பந்தை வாங்கி, உடம்பை முறுக்கி, முழு வேகத்தில் வீசினான். ஆவேசத்தில் பந்து கையை விட்டு மேலே கிளம்பியது. தரையைத் தொடவே இல்லை. நடுக்கோட்டைத் தாண்டி, படுத்திருந்த வக்கீலம்மாவின் மேலே பறந்து சுவரில் மோதியது.

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். ஆனால் தம்பி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான். அப்படி அவன் வாயெல்லாம் பல்லாக நின்று எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எனக்கு மனசு வரவில்லை. கோல் என்று ஊதிவிட்டேன். கூடம் அதிர்ந்தது.

"மிஸ், இது கோல் இல்ல."

கண்கட்டை அவிழ்க்காமலே வக்கீலம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். கத்தல் அடங்கியது.

"யாரு அது?" என்றான் தம்பி.

"நான்தான்ணா. பந்து உருண்டு வந்தா மணி கேக்கும். எனக்குக் கேக்கல. காத்துதான் அடிச்சுது. நீங்க தூக்கி எறிஞ்சிட்டீங்க. இது அழுகுணி ஆட்டம்."

அந்த நேரத்தில் தரை பிளந்திருந்தால் நிம்மதியாக உள்ளே போயிருப்பேன். தம்பி என் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"அக்கா, நீதானே பாத்த. பறந்துச்சா?"

பூசி மெழுகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "பறந்துச்சு," என்றேன்.

அவன் சிரிப்பு மறைந்தது. போச்சு, இனி வரமாட்டான், நானே கெடுத்தேன் என்று நினைத்தேன். அவன் என்னோடு பேசவே இல்லை. அவளிடம் கேட்டான்.

"சரி வக்கீலே, என்ன தண்டன?"

நாங்கள் வைத்த பெயர் அவனுக்குத் தெரியாது. அவனுக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது.

"உங்க ஆளுங்க ரெண்டு பேரும் வெளிய போகணும். நீங்க ஒருத்தரே முழு கோலையும் காக்கணும். நான் போடுவேன்."

"போடு பாக்கலாம்."

அவ்வளவு அகலமான கோலுக்கு நடுவில் அவன் தனியாகக் குனிந்து நின்றான். வக்கீலம்மா பந்தை இடமும் வலமுமாக ஆட்டி அவனைக் குழப்பினாள். தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். பந்து கிளம்பியது. மணி கிணுகிணுத்துக்கொண்டே மூலையைப் பார்த்து ஓட, தம்பி உடம்பை நீட்டிப் பாய்ந்தான். விரல் நுனியில் பட்டு உள்ளே போய்விட்டது.

அந்தக் கூச்சலில் என் விசில் எனக்கே கேட்கவில்லை. தம்பி தரையில் மல்லாந்து கிடந்து தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"இன்னொரு தடவ போடு. இந்தத் தடவ பிடிக்கறேன்."

"ரூல்ல இடமில்லண்ணா," என்றாள் அவள்.

சாயங்காலம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"வாராவாரம் வர்றேன். ஆனா நீ நடுவரா நிக்கக் கூடாது."

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

"என்ன பண்ணேன்னு வேற கேக்கறியா? பிள்ளைங்க யாரும் பாவம் பாக்கல. நீதான் பாவம் பாத்த."

தப்பு என்மேல்தான். அதற்காக மூக்குக்கு மேல் வருவது வராமல் இருக்குமா? "தூக்கி எறிஞ்சது நீ, திட்டு எனக்கா? ஒரு சின்னப் பொண்ணு போட்ட பந்தப் பிடிக்கத் தெரியல, நியாயம் பேச வந்துட்டான்," என்றேன்.

"விரல்ல பட்டுச்சு. கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா பிடிச்சிருப்பேன்."

"கிழிச்ச."

அவன் என் கையை உதறினான். அடுத்த நொடியே மறுபடி பிடித்துக்கொண்டு, இன்னும் சத்தமாகத் திட்டினான். நானும் விடவில்லை. வீடு வரும்வரை அடித்துக்கொண்டே வந்தோம். கதவைத் திறந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு பேரும் வாய மூடுங்க, தெருவே பாக்குது," என்று அவனையும் சேர்த்துத் திட்டினாள்.