உட்காராத கணக்கு வாத்தியார்

கணக்கு வாத்தியார் இளைஞராக இருந்தபோது அடித்த ஹாக்கிப் பந்து, அவருடைய மகள் பிறந்து, படித்து, வேலைக்குப் போன பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் அவர் உட்காரவே இல்லை. அது இறுதி ஆட்டத்தின் கடைசி அடி. பந்து வலையைக் கிழித்துக்கொண்டு, சுவரின் ஓட்டை வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்குள் பந்தில் மட்டை பட்டால்தான் கோல் செல்லுபடியாகும். அன்றைய மழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்திருந்ததால் அடித்தது உள்ளேயா வெளியேயா என்று நடுவருக்குப் பிடிபடவில்லை. "பந்து வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இவருக்கு மட்டும் ஆட்டம் முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவருடைய நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கவில்லை. கல்யாணத்திலும் நின்றார், பஸ்ஸிலும் நின்றார். உட்காரப் போனால் முழங்கால் பாதி வழியில் நின்றுவிடும். மருத்துவர் தட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாத்தான் இருக்கு, ஆட்டத்த முடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். தையல்காரியான மனைவி தினமும் இரண்டு தட்டு வைப்பாள். அவர் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று சாப்பிடுவார், ஒரு கண் தெருவில்.

பந்து அவ்வப்போது ஊருக்குள் வரும். தள்ளுவண்டிக்காரர்கள் வண்டியை ஒதுக்கி வழிவிடுவார்கள். இவர் பாதிக் கணக்கில் மட்டையோடு பாய்ந்து ஓங்கி ஒரு அடி அடிப்பார். அது புது வேகம் பிடித்து ஊரைத் தாண்டிவிடும்.

"அடிக்கிறது ஒண்ணுதான் தெரியுமா உங்களுக்கு? வந்தா சும்மா மட்டைய வைங்களேன்" என்றாள் மனைவி ஒருநாள்.

"கோல் போடுற முன்வரிசை ஆட்டக்காரன்கிட்ட வந்து சும்மா வைன்னு சொல்றியே!"

"நான் என்ன கோப்பையா கேட்டேன்? பக்கத்துல உக்காந்து ஒரு வேளை சாப்பிடத்தானே கேட்டேன்."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

அடுத்த முறை பந்து வந்தபோது, பரப்பளவு பாடத்துக்காக வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் பெரிய அரைவட்டம் போட்டிருந்தார். பந்து வாசல் வழியாக நுழைந்து கோட்டைத் தாண்டியது. மட்டை தோளுக்கு மேல் போனது. அங்கேயே சற்று நின்றது. பிறகு மெல்ல இறங்கித் தரையோடு படிந்தது. டக் என்று பட்ட பந்து, சோம்பலாக உருண்டு அவருடைய நாற்காலியின் கால்களுக்கு நடுவே போய் நின்றது. வாசலில் பழைய நடுவர் இருந்தார். இப்போது பள்ளியின் காவலாளி; விசிலை மட்டும் கழுத்திலிருந்து கழற்றியதில்லை. நீளமாக ஊதினார்.

"சார், உக்காருங்க சார்!" என்று வகுப்பே கத்தியது. உறையைக் கிழித்துவிட்டு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவியின் பக்கத்தில் சம்மணமிட்டு மூன்று முறை சோறு கேட்டார். "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு பல வருடம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் உயிர் போனதும் அப்படித்தான். தையல் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில், அவள் ஒரு சட்டைக்குக் கை வைத்து முடிப்பதற்குள். முழங்கால் அழகாக மடிந்திருந்தது.

பந்து இப்போது துணிக்கூடையில் கிடக்கிறது. மழை நாளில் லேசாக உருளப் பார்க்கும். "ஆட்டம் முடிஞ்சாச்சு" என்பாள் அவள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். அது அடங்கிவிடும்.