கருவியின் உயரம்

அலுவலகத்தில் அவளுக்குக் கப்பல்காரி என்று பெயர். கப்பலில் அவள் கால் வைத்ததே இல்லை. பழைய சரக்குக் கப்பல்களின் பதிவேடுகளைப் பார்த்து, எந்த நாள், எந்த இடத்தில், காற்று எவ்வளவு வேகம் என்று கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஏழு வருடமாக அதே நாற்காலி, அதே காற்று.

அந்த எண்களை வைத்துத்தான் கோடு வரைந்தார்கள். எங்கோ கிடக்கும் பெருங்கடலில் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று நாற்பது வருடமாக வலுத்துக்கொண்டே போகிறது என்றது அந்தக் கோடு. அங்கே காற்று வலுத்தால் சூடான கடல்நீர் மேற்கே தள்ளப்படும். மேகமும் அந்த நீருக்கு மேலேயே குவிந்துவிடும். நம் ஊர்ப் பக்கம் ஐப்பசியில் வானம் பொய்க்கும். போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இன்னும் பத்து வருஷத்துக்கு மழை கம்மிதான் மாமா" என்று அக்கா கணவரிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். அவர் எலுமிச்சைத் தோப்பை வெட்டிவிடுவது என்று முடிவு செய்தார். நாளைக்கு ஆள் வருகிறது.

இன்று காலைதான் பதிவேட்டின் ஓரத்துக் கட்டம் அவள் கண்ணை உறுத்தியது. காற்றளக்கும் கருவியின் உயரம். யாரும் கேட்கவில்லை என்று அவள் ஒருநாளும் ஏற்றாத கட்டம். பழைய கப்பலில் பதினாறு மீட்டர். பல வருடம் கழித்து அதே பாதையில் வந்த கப்பலில் முப்பத்தெட்டு. இன்னும் பத்துப் பதிவேடுகளை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் அதே கதை. உயரே போனால் காற்று அதிகம் என்று மொட்டைமாடியில் துணி காயப்போடும் எவருக்கும் தெரியும். வலுத்தது காற்றா, வளர்ந்தது கப்பலா?

கோடு வரைந்த ஆய்வாளரிடம் ஓடினாள். அவருக்கு 'ஆனால்' என்று பட்டப்பெயர்.

"உயரத்தைச் சேர்த்துத் திருத்தினா கோட்டோட ஏத்தம் பாதியாவது குறையும்" என்றார். "ஆனால் மீதி நிஜமா இருக்கலாம். ஆனால் அதுவும் திரும்பலாம். இந்தக் காற்று இருபது முப்பது வருஷத்துக்கு ஒருதரம் மனசு மாறும்."

"அப்போ மழை வருமா சார்?"

"வரலாம்." அடுத்த சொல்லுக்கு அவள் நிற்கவில்லை.

படிக்கட்டில் நின்று அக்காவைக் கூப்பிட்டாள். எதை முதலில் சொல்வது, உயரத்தையா, பாதியையா?

"மரத்தை வெட்ட வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லுக்கா."

"ஏன், மழை வருமா?"

"தெரியல."

"போன மாசம் தெரிஞ்சுதே?"

அக்காவின் குரலுக்குப் பின்னால் இரைச்சல் கேட்டது. ரம்பம். ஆட்கள் ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். மாமா போனை வாங்கினார்.

"சொல்லும்மா. வருமா, வராதா?"

தொண்டைவரை வந்த 'ஆனால்' என்ற சொல்லை விழுங்கினாள். "எனக்குத் தெரியாது மாமா. தெரிஞ்ச மாதிரி சொன்னது என் தப்பு."

அவர் தோப்புப் பக்கம் திரும்பி யாரையோ கூப்பிடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரம்பம் நின்றது.

"எத்தனை மரம் மாமா நிக்குது?"

போன் அக்காவின் கைக்குப் போயிருந்தது. "நீயே வந்து எண்ணிக்கோ" என்றாள் அக்கா.