சீதன வளவு

விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளியில் ஆட்கள் கூடும்போதே கடற்கரையில் றுகையாவின் தலையில் மண் நிறைந்த ஓலைக் கடகம் ஏறிவிடும். ஈர மண், பிணமாய்க் கனக்கும். கடகத்திலிருந்து வழியும் தண்ணீர் முக்காட்டை நனைத்து, கண்ணுக்குள் உப்பாய் இறங்கும். லொறியின் பின்பலகைக்கு எட்டிக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது, கழுத்து தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வரும். இத்தனைக்கும் லொறியில் மண் ஏற்றி விற்கும் றஸாக் முதலாளி அந்த மாதம் கூலியைக் குறைத்திருந்தார். லொறிக்கு டயர் தேய்கிறதாம். பெண்களின் கழுத்து தேய்வது அவர் கணக்கில் வரவில்லை.

அன்றைக்கு அலை, றுகையாவின் வேலியில் கடைசிக் கதியால் கம்பையும் பிடுங்கிப் போட்டிருந்தது. கரையில் மண்மேடு இருந்த காலத்தில் கடல் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. மேட்டை அள்ளியது யார்? அவளும், பக்கத்து வீட்டு உம்முவும், கல்முனைக் கரையில் குடியிருக்கும் மற்றப் பெண்களும்தான். தன் வீட்டைத் தானே கடகம் கடகமாக அள்ளிக் கொடுத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அது மகள் ஹாஜறாவுக்கென்று வைத்திருந்த வீடு. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பாள், மாப்பிள்ளை வந்து குடியேறுவான். கடலுக்குள் நிற்கிற வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்?

அனுமதியில்லாமல் கரை மண் அள்ளுவது குற்றம் என்று சட்டம் வந்திருக்கிறது, அதை விளக்கக் பக்கத்து ஊரான காரைதீவுச் சட்டத்தரணி இராசதுரை அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலையில் பேசப்போகிறார் என்று ஊரில் கதை அடிபட்டது. முதலாளி முந்திக்கொண்டு மண் சுமக்கும் பெண்களிடம் சொன்னார்.

"சட்டம் வந்தா மொதல்ல புடிக்கிறது கடகம் தூக்கினவளத்தான். நான் மண்ணத் தொட்டேனா? கூட்டத்துக்குப் போய் மொகத்தக் காட்டாதீங்க."

றுகையா நம்பிவிட்டாள். அன்று பகல் ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் பொலிஸ் என்று அடுப்படிக்குள் ஒளிந்தாள். என்றாலும் அஸருக்குப் பிறகு உம்முவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள். பிடிபடுவதென்றால் எதற்காக என்றாவது தெரிய வேண்டுமே.

பெண்கள் இருக்க ஓரத்தில் சேலை கட்டி மறைத்திருந்தார்கள். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை இராசதுரை எல்லாருக்கும் விளங்கும்படி எடுத்துச் சொன்னார். அனுமதியில்லாமல் மண் எடுக்க முடியாது. கரையில் குடியிருப்பவர்கள் அதிகாரிகளிடம் போய் முறையிடலாம். றஸாக் முதலாளி உடனே எழுந்தார். அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம். கரையோர வீட்டுக்காரர் எல்லாருக்கும் சம்மதமாம். முன்வரிசை ஆண்கள் தலையாட்டினார்கள். முதலாளியின் லொறியில் கிளீனராக இருந்த அபுல் ஹஸனும் ஆட்டினான். அவன் றுகையாவின் புருஷன்.

இராசதுரை கொஞ்சம் யோசித்தார். வீடு பெண்ணுக்கு என்பது காரைதீவிலும் வழக்கம்தான். அவரே மனைவியின் வீட்டில்தான் குடியிருந்தார்.

"இந்த வீடு வளவெல்லாம் ஆருட பேரில இருக்கு?" என்று கேட்டார்.

வளவுகள் எல்லாம் பெண்களின் பேரில்தான் இருந்தன. அந்த வளவுக்காரிகள் தினமும் முதலாளியின் கண்முன்னால்தான் மண் சுமந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

றுகையா கணக்குப் பார்த்தாள். வாயைத் திறந்தால் கூலி போகும், புருஷனின் வேலையும் போகும், பொலிஸும் வரலாம். திறக்காவிட்டால் வீடு போகும். சேலைக்குப் பின்னால் எழுந்து நின்றாள்.

"என்ட ஊடு எனக்கு எங்கட உம்மா தந்த. நான் ஆருக்கும் சம்மதம் சொல்லல்ல. மண் அள்ளினதும் நான்தான் ஐயா. என்னப் புடிப்பாங்களா?"

இராசதுரை பொய் சொல்லவில்லை.

"புடிக்க மாட்டாங்க எண்டு சத்தியம் பண்ண ஏலாது தங்கச்சி. தனிய நிண்டா ஆரையும் புடிக்கலாம். எல்லாரும் சேந்து வந்து முறைப்பாடு சொல்லுங்க. நானும் கூட வாறன்."

சேலைக்குப் பின்னால் உம்முவும் எழுந்தாள்.

"என்ட ஊடும் உம்மா தந்ததுதான். நானும் அள்ளினன்."

அடுத்து, அவர்களோடு மண் சுமக்கும் ஆமினா உம்மா எழும்பினாள். அதற்குப் பிறகு, கதைக்கக் கூச்சப்பட்ட பெண்கள் எழும்பி மட்டும் நின்றார்கள்.

"அப்ப நாளைக்கு ஒருத்திக்கும் வேல இல்ல," என்றார் முதலாளி.

"லொறி வரட்டும் முதலாளி," என்றாள் உம்மு. "நாங்க மண்ணுக்கு மேலதான் குந்தி இரிப்பம்."

முன்வரிசையில் அபுல் ஹஸன் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தான்.

றுகையா ஒரு கையால் உம்முவையும் மறுகையால் ஆமினா உம்மாவையும் பிடித்துக்கொண்டாள். ஒருத்தியும் உட்காரவில்லை.