டீலியா போடாத தேநீர்

பாலிகராவிலிருந்து கில்பாரன் கடற்கரைக்குப் போகும் ரயில் தாமதமாக வருவது அயர்லாந்தின் அந்த மேற்குக் கரையில் யாருக்கும் புதிதல்ல. இருபத்தேழு மைலுக்கு மூன்று மணி நேரம் என்று அட்டவணையிலேயே போட்டிருந்தார்கள். அதையும் அது மதித்ததில்லை. ஆனால் அந்த ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை ஏழாவது மைல் கேட்டருகே ரயில் ஐம்பது நிமிடம் நின்றதற்குக் காரணம் ரயில் அல்ல. கேட் கீப்பர் டீலியா மாரினனும் அல்ல. செனன் லில்லிஸின் டோப்பா.

லில்லிஸ் பாலிகராவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவன். நல்ல குரல், அதைவிட நல்ல தலைமுடி என்று ஊர் நம்பியிருந்தது. அன்று மாலை கில்பாரனில் அவன் கச்சேரி. காற்று வாங்கலாமென்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். காற்று டோப்பாவை வாங்கிக்கொண்டது. கோட்டைத் தலைமேல் போர்த்திக்கொண்டு கத்தினான். டிரைவர் மலக்கி ஹீஹர் ரயிலை நிறுத்தினான். பாட்டுப் புத்தகம் விழுந்துவிட்டதாக மற்ற பயணிகளிடம் சொல்லி வைத்தார்கள். டீலியாதான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சதுப்பில் இறங்கித் தேடினாள். கிடைத்தபோது அது செத்த எலி மாதிரி இருந்தது. கிணற்றடியில் அலசிக் கொடுத்தாள். யாரிடமும் சொல்லமாட்டோம் என்று அவளையும் மலக்கியையும் மாதா மேல் சத்தியம் செய்ய வைத்துவிட்டுத்தான் அவன் ரயிலேறினான்.

கில்பாரனில் மண்டபத்தைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஏன் தாமதம் என்று கேட்டவர்களுக்கு லில்லிஸ் ரயிலைக் கைகாட்டினான். இரண்டு வாரத்தில் அதைப் பாட்டாகவும் கட்டிவிட்டான். முதல் மூன்று சரணம் எஞ்சினின் சோம்பலைப் பற்றி. நான்காவதில் ஏழாவது மைல் வந்தது: கேட் வீட்டு விதவை அடுப்பில் கெட்டிலை ஏற்றினால் எஞ்சின் நகராதாம், டிரைவருக்கு ஒரு கோப்பை, இரண்டு கோப்பை, மூன்றாவது கோப்பைக்கு ஜன்னல் திரையை இழுத்துவிடுவார்களாம்.

பாட்டு தீயாய்ப் பரவியது. கேட்டைக் கடக்கும்போது பயணிகள் தலையை நீட்டி நான்காவது சரணத்தைப் பாடினார்கள். கேட் கம்பத்தில் யாரோ ஓட்டைக் கெட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கோயிலில் டீலியா உட்கார்ந்த பெஞ்சிலிருந்து பெண்கள் நகர்ந்து போனார்கள். கோயில் வாசலில் மலக்கியின் மனைவி அவளை மறித்தாள்.

“எங்க வீட்லயும் டீ இருக்குடி,” என்றாள்.

டீலியா நேரே ஜவுளிக்கடைக்குப் போனாள். லில்லிஸ் துணி அளந்துகொண்டிருந்தான். அந்தச் சரணத்தை எடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

“நான் பேரே சொல்லலையே, மிசஸ் மாரினன். எத்தனையோ கேட்டு, எத்தனையோ விதவை.”

“ஏழாம் மைல்ல ஒரு கேட்டுதான் இருக்கு.”

“ஏழுன்னு போட்டாத்தான் சந்தம் உக்காருது. என்ன பண்ணச் சொல்றீங்க?” என்றவன், மாதா மேல் செய்த சத்தியத்தையும் குரலைத் தாழ்த்தி ஞாபகப்படுத்தினான்.

அடுத்த வாரம் ரயில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கேட் கீப்பர் கேட்டை உரிய நேரத்தில் மூடாததால் ஐம்பது நிமிடத் தாமதம் என்று டிரைவர் எழுதிக் கொடுத்திருக்கிறான். மாத முடிவில் அவள் வேலையை விட்டு வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒரு பயணியின் டோப்பாவுக்காக ரயிலை நிறுத்தினேன் என்று எழுதினால் மலக்கியின் வேலை போயிருக்கும். டீலியா எஞ்சினருகே போய்க் கேட்டபோது அவன் நிமிரவேயில்லை.

“எனக்கு ஆறு பிள்ளைங்க, டீலியா.”

“அந்த ஆறு தலையிலயும் கைய வச்சா எழுதினே?”

சத்தியத்தை மீறலாமா என்று கேட்கப் பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் அந்தப் பாட்டை முணுமுணுத்தவர்தான். உன் மேல் விழுந்த பழியைத் துடைக்கச் சொல்வதில் தவறில்லை என்றார்.

“வன்மத்தோட சொன்னாத்தான் பாவம்மா.”

“வன்மம் நிறைய இருக்கு ஃபாதர். சொல்லிட்டு வந்து மண்டி போடறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பாலிகரா பள்ளிக்கூட மண்டபத்தில் லில்லிஸின் கச்சேரி. முன்வரிசையில் ரயில் கம்பெனி மேலாளர் பல்லைக் கடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். நான்காவது சரணம் தொடங்கியதும் டீலியா எழுந்து நின்றாள்.

“அந்த அம்பது நிமிஷமும் நான் டீ போடலை. இந்த ஆளோட டோப்பாவைச் சேத்துல தேடிக்கிட்டிருந்தேன். நம்பாதவங்க மேடைக்குப் போய் இழுத்துப் பாருங்க.”

லில்லிஸ் வெளுத்துப்போனான். பிறகு டோப்பாவைத் தானே கழற்றி, தொப்பியைப் போல மார்பில் வைத்து, அவளைப் பார்த்துக் குனிந்து வணங்கினான். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தரையில் தேய்க்க நினைத்தவனைத் தானே தோளில் தூக்கிவிட்டோம் என்று டீலியாவுக்குப் புரிந்தது. கைதட்டல் அடங்குமுன் வெளியேறினாள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு விசாரித்ததும் மலக்கி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அவனைச் சரக்கு வண்டிக்கு மாற்றினார்கள். டீலியாவின் வீடு தப்பியது. ஆனால் பாட்டு தப்பவில்லை. லில்லிஸ் டோப்பாவுக்கென்று ஐந்தாவது சரணம் கட்டி, அது முடியும்போது டோப்பாவைக் கழற்றி வணங்க ஆரம்பித்தான். லிமெரிக்கில் கூப்பிட்டார்கள், டப்ளினில் கூப்பிட்டார்கள். நான்காவது சரணமும் கூடவே போயிற்று. டீலியாவைக் கண்ணால் பார்த்திராதவர்களெல்லாம் அவள் ஜன்னல் திரையைப் பற்றிப் பாடினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு மழை நாளில் ரயில் கேட்டருகே பச்சைக் கொடிக்காக நின்றது. லில்லிஸ் நீலக் கம்பளித் துணிப் பொட்டலத்தோடு இறங்கி வந்தான்.

“உங்களாலதான் எனக்கு இந்த வாழ்வு, மிசஸ் மாரினன். வாங்கிக்கணும்.”

அவள் கையை நீட்டவில்லை. “நாலாவது சரணத்தை எடுத்துட்டியா?”

“அது இல்லாம பாட்டு நிக்காதுங்க,” என்றான். அதை அவன் மனதாரத்தான் சொன்னான்.

டீலியா பச்சைக் கொடியை உயர்த்தினாள். புது டிரைவர் நேரம் தவறாத ஆள். கொடியைப் பார்த்தான், கிளப்பிவிட்டான். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லில்லிஸ் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தான். டீலியா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

பாலிகராவுக்கு ஏழு மைலும் அவன் மழையில் நடந்தே திரும்பினான். அதைப் பற்றி அவன் பாட்டு எதுவும் கட்டவில்லை.