நடந்தால் எரியும் விளக்குகள்

எங்கள் அடுப்படி ஜன்னலில் நின்றால் எதிரில் இருக்கும் பூங்கா முழுதும் தெரியும். என் வீட்டுக்காரர் அதற்குள் நுழைந்ததும் முதல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

இவருக்கு நெஞ்சில் இருந்த அடைப்பை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போதே, "மாத்திரை பாதி, நடை பாதி" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ தையல்காரர். மிஷின் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். குளிர்காலத்தில் கடை சாத்துவதற்குள் கும்மிருட்டாகிவிடும். "இருட்டுல இடறி விழுந்தா எலும்பு டாக்டரை வேற தேடணும்" என்று நழுவிவிடுவார். வேண்டுமென்றால் வீட்டுக்குள் நடப்பார், வாசற்கதவிலிருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும். போனதுக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து எதையாவது வாயில் போட்டுக்கொண்டுதான் திரும்புவார்.

நகராட்சிக்கு என்ன தோன்றியதோ, குளிர்காலத்திலும் ஜனங்கள் நடக்கட்டும் என்று பூங்காவைச் சுற்றி விளக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள். மாட்ட வந்த எலக்ட்ரீஷியனை விசாரிக்காமல் நான் விடவில்லை. "கீழ ஆள் அசைஞ்சா எரியும்க்கா. அசைவு இல்லன்னா தானா அணைஞ்சிடும்" என்றார்.

இன்றைக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் இவர் ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றை யோசித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "நடந்தா நடங்க, நடக்காட்டி போங்க. எனக்கென்ன வந்தது?" என்று வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

சாத்திவிட்டு நேராக ஜன்னலுக்குத்தான் ஓடினேன். குளிருக்குப் பயந்து பூங்காவில் யாருமே இல்லை போலிருந்தது. இவர் போகப் போக ஒவ்வொரு விளக்காக எரிந்தது, பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தது. அடுப்பில் பால் இருப்பதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் இருக்கும் பெரிய மரத்தடி விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. அடுத்தது எரியவில்லை.

மூச்சு வாங்க நிற்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருட்டு அப்படியே இருந்தது. போன் போட்டேன், அது மேஜை மேலேயே கிடந்து அலறியது. அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. முட்டிவலிக்காரி நான், மாடிப்படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பூங்காவில் விளக்குகள் எனக்காக எரிந்துகொண்டே வந்தன. எனக்கென்ன வந்தது, எனக்கென்ன வந்தது என்று என் வாய் சொன்னதே காதில் அடித்தது. கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுவாக இருந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

மரத்தடிக்குப் போனபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு நெட்டை மனிதர் ஒரு காலைத் தூக்கி பெஞ்சில் வைத்து, பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து, அவருடைய பேன்ட் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். சட்டைக் காலருக்கு அடியில் நூல் கோத்த ஊசி எப்போதும் குத்தியிருக்கும் அவருக்கு.

"இவர் இந்த பெஞ்சில இருட்டுல உட்கார்ந்திருந்தார். எழுந்தா, ஓரம் பிரிஞ்சு தரையில இழுபடுது. இதைப் பார்த்துட்டு எப்படிப் போறது?" என்றார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஏன் இப்படி ஓடி வர்றே? உன்னையும் டாக்டர் நடக்கச் சொன்னாரா?"

"குத்துக்கல்லு மாதிரி இருக்கீங்களே, பாவி மனுஷா!" என்றேன். வசவாக வரவில்லை, அழுகையாக வந்தது. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, அழுதுகொண்டே சிரித்தேன்.

அந்த மனிதர் பதறிப்போய்க் கையை இறக்கிவிட்டார். "ஒண்ணுமில்லீங்கம்மா, நான்தான்..." என்று ஏதோ சொல்லத் தொடங்கி, அப்படியே அசையாமல் நின்றார். விளக்கு அணைந்தது.

"ரெண்டு தையல்தான் பாக்கி" என்றது இருட்டிலிருந்து இவர் குரல். "அவருக்குக் கை வலிக்கும். நீ கொஞ்சம் ஆட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கையை அப்படியே மேலே தூக்கி ஆட்டினேன். விளக்கு எரிந்தது. இவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.