சொந்தக்காரர் தெரு

1

இந்தக் கதை சைக்கிள் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது எனக்குக் கிடைத்தது. ஒட்டியவருக்குக் கடை இல்லை. மூடிப்போன ஒரு வங்கியின் படியில் உட்கார்ந்திருந்தார். "கடை எங்கண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"என் தங்கச்சி பார்க் ஆக்கிட்டா."

மீதியையும் அவரே சொன்னார், டியூப்பைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே.

வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்: 'நகரத்தை நேசித்த ஒரு பெண் இருந்தாள்; பேனாவே அவளுடைய...'

சீ. இரங்கல் கூட்டத்து வரி. அவள் உயிரோடுதான் இருக்கிறாள், மாநகராட்சிக்காரர்களின் உயிரை எடுத்துக்கொண்டு.

2

அவள் பத்திரிகை நிருபர். சாக்கடை, நடைபாதை, பேருந்து நிறுத்தம் என்று எழுதி எழுதியே 'மேப் அக்கா' என்று பேர் வாங்கியவள். கால்வாய்க்கரைக் குடியிருப்பை இடித்துவிட்டு மேம்பாலம் கட்டப் பார்த்தார்கள். வழக்குப் போட்டாள். அதிகாரிகளின் வரைபடம் முழுக்கப் பொய்யென்று, ஆட்களைத் திரட்டிச் சொந்தமாக ஒரு வரைபடம் போட்டாள்.

வார விடுமுறையில்தான் அளந்தார்கள். மற்ற நாட்களில் நடுரோட்டில் டேப்பைப் பிடித்தால் லாரி நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அவளுக்கு ஒரு விதி இருந்தது: சொந்தக்காரர் இருக்கும் தெருவை யாரும் அளக்கக் கூடாது.

(இந்த விதியைக் கேட்டதும் அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. இரண்டும் இன்னும் போகவில்லை.)

அதனால் அண்ணன் தெருவுக்கு வேறொருவர் போனார். அண்ணன் கடை என்பது சுவரோரம் கட்டிய ஒரு தார்ப்பாய்தான்; விடுமுறையன்று அதைச் சுருட்டி, கருவிப்பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். போனவர் கண்ணில் பட்டது வெறும் சுவர். 'பயன்படாத இடம்' என்று குறித்தார். நடுநிலை பிசகக் கூடாதென்று அவளும் அந்தத் தெருவை மறுபடி பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

3

நீதிமன்றம் அவள் வரைபடத்தைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. மாநகராட்சியும் ஏற்றுக்கொண்டது, ஒரே ஒரு விஷயத்தில்: பயன்படாத இடங்களில் பூங்கா. ஆரம்பித்த இடம் அண்ணன் கடை. கடையைத் தூக்கியவர்கள் அவள் கையெழுத்தையே அவரிடம் காட்டினார்கள்.

அவள் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அண்ணி காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். தப்பென்று பேப்பரில் போடு, இடம் திரும்பக் கிடைத்துவிடும் என்றார் அண்ணன். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் தீர்ப்பு. ஓர் இடம் தப்பென்று ஒத்துக்கொண்டால் எதிர்த்தரப்பு மொத்த வரைபடத்தையும் தூக்கிக் கடாசிவிடும், குடியிருப்பு தரைமட்டம்தான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

அண்ணன் ஆறிப்போன காபியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்போ அந்த ஜனத்துக்காக நான் தெருவுல நிக்கணும். சரிம்மா, நிக்கிறேன்னே வச்சுக்கோ. ஆனா அத என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்ல?"

அவளுக்கு அழுகை வந்தது. யாரும் தேற்றவில்லை. தேற்றுகிற மாதிரி நானும் ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன்.

4

முடிவு இப்படி இருக்கலாம்: தப்பென்று எழுதுகிறாள், கடை திரும்பக் கிடைக்கிறது, குடியிருப்பு போகிறது. அண்ணன் கடையில் காற்றடிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் குடியிருப்புக்காரர்கள்.

அவள் எழுதவில்லை, ஜெயிக்கிறாள். பூங்கா திறப்புவிழாவில் முன்வரிசை நாற்காலி அவளுக்கு.

நீதிபதி பெருந்தன்மையோடு இரண்டு பக்கமும்... (வேண்டாம். எனக்கே சிரிப்பு வருகிறது.)

என்னால் முடியவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் எதை எழுதுவதானாலும் முதலில் அந்த வங்கிப் படிக்குப் போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விடுமுறையன்று மட்டும் போகாதீர்கள். அன்றைக்குப் போனால் வெறும் படிதான் இருக்கும்.