மாலத்தீவுக்கு ஒரு ஆட்டோ

அடையாறில் இருக்கும் அந்த நான்கு மாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில், காலையில் தண்ணீர் லாரி வருவதற்கு முன்பே சூடாமணியின் படம் வந்துவிடும். ஒரு நாள் தீவு, ஒரு நாள் பனிமலை, ஒரு நாள் பாறை மேல் நிற்கும் கலங்கரை விளக்கம். படத்தின் மேல் ஒரு சுலோகமோ பாசுரமோ இரண்டு வரி. மயிலாப்பூரில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். படங்களை இணையத்திலிருந்து எடுப்பார், வரிகளை மட்டும் தானே தேர்ந்தெடுப்பார்.

படம் விழுந்ததுமே மூன்றாம் மாடி வெள்ளைச்சாமியிடமிருந்து பதில் வரும். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். சுலோகத்தை அவர் படிப்பதே இல்லை. இடத்தைத்தான் பார்ப்பார்.

"இது கிரீஸ். நான் போயிருக்கேன். மீன் வறுவல் நல்லா இருக்கும்."

"இது சுவிட்சர்லாந்து. நான் போனப்ப இதைவிடப் பனி."

துணி மில்காரர்கள் நிறைய சரக்கெடுக்கும் கடைக்காரர்களை ஆண்டுக்கொரு முறை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவது உண்மைதான். ஆனால் வெள்ளைச்சாமி போனதாகச் சொன்ன ஊர்களைக் கூட்டினால் பூமியில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

ஒரு நாள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவர் மனைவி ஷண்முகப்ரியா உடைத்துச் சொன்னாள். "மாமி, அவுக போனது பாங்காக்கும் துபாயும்தான். நானும் வாரேன்னா, 'கடைய யாரு பாப்பா'ம்பாக. நான் இன்னும் பிளேன்லயே ஏறல."

சூடாமணி ஈரப் புடவையை உதறினார். "அப்படியா சமாச்சாரம்? நாளைக்குக் காலம்பர என் படத்தைப் பாரு."

மறுநாள் விடிவதற்குள் சூடாமணி கைப்பேசியோடு உடைந்த பாலத்துக்குப் போய்விட்டார். அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் வெளியே தலைகாட்டியிருந்த மணல்திட்டைப் படமெடுத்தார். பிளாஸ்டிக் பைகளையும் தூரத்துக் கட்டடங்களையும் வெட்டியெறிந்தார். தண்ணீருக்குக் கொஞ்சம் நீலம் ஏற்றினார். மேலே எழுதினார்: 'கடலைச் சேர்ந்த நதி தன் பெயரை இழக்கிறது.'

வெள்ளைச்சாமியின் பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. "மாலத்தீவு! இந்த மணல்லதான் வெறுங்கால்ல நடந்தேன். தண்ணி கண்ணாடி மாதிரி."

நான்காம் மாடியில் சூடாமணி முகத்தில் தலையணையை அழுத்திக்கொண்டு சிரித்தார். கணவர் வேதாந்தம் பயந்துபோய் வெந்நீர் கொண்டுவந்தார்.

அடுத்தது கோடம்பாக்கத்தில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிக் கொட்டியிருந்த மண் குவியல். மழை விட்ட காலை, மூட்டம் வேறு. 'மண்ணாங்கட்டியையும் பொன்னையும் ஒன்றாகக் காண்பவனே யோகி.'

"இந்தோனேசியா எரிமலை. கந்தக வாடை இன்னும் மூக்குல நிக்குது" என்றார் வெள்ளைச்சாமி.

குழுவில் மற்றவர்களுக்கு விஷயம் கசிந்துவிட்டது. முதல் மாடி பஞ்சாட்சரம் "எரிமலை வெடிச்சுதா சார்?" என்று கேட்டார். "லேசா" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியுமாகச் சூடாமணி வீட்டுக்கு வந்தார்கள். ஷண்முகப்ரியா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு அந்த மாலத்தீவும் எரிமலையும் பாக்கணும். கூட்டிட்டுப் போங்க."

வெள்ளைச்சாமி செருமினார். "இப்ப சீசன் இல்ல. விசாவும் லேசுல கெடைக்காது."

"விசா எதுக்கு? ஆட்டோ போதும்."

வேதாந்தத்தின் செய்தித்தாள் குலுங்கியது. வெள்ளைச்சாமிக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் விடியலில் வாசலில் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் கலீமுல்லாவிடம் சூடாமணி எல்லாவற்றையும் முன்பே சொல்லிவைத்திருந்தார்.

"இன்னா சார், மால்தீவ்ஸா? குந்துங்க. கடல் வத்திக்கினு கீது, சட்டுனு போய்டலாம்."

பெண்கள் இருவரோடும் உடைந்த பாலத்தருகே இறங்கிய வெள்ளைச்சாமி மணல்திட்டைப் பார்த்தார். கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடியும் திட்டைப் பார்த்தார். காது நுனிவரை சிவந்துவிட்டது.

"எல்லாரும் சேர்ந்து என்னைய முட்டாளாக்கிட்டீங்களா?"

"நான் எங்கேயாவது மாலத்தீவுன்னு எழுதியிருந்தேனா?" என்றார் சூடாமணி. "பேரை இழந்துடுத்துன்னுதானே எழுதினேன். நீங்களே பேர் வச்சேள். அந்த எரிமலைக்கு மேலயும் மண்ணாங்கட்டின்னு தெளிவாப் போட்டிருந்தேன். சுலோகத்தையும் கொஞ்சம் படிக்கணும், தெரியுமோ?"

கலீமுல்லா ஆட்டோவின் பின்பக்கம் போய் நின்று சிரித்தார்.

வெள்ளைச்சாமி கோபத்தோடு திரும்பி நடக்கப் பார்த்தார். சேற்றில் செருப்பு சிக்கி அங்கேயே நின்றுவிட்டது. குனிந்து அதைப் பிடுங்கும்போதுதான் மனைவியைப் பார்த்தார். சேலையை முழங்காலுக்குக் கீழே வரை தூக்கிச் செருகியபடி தண்ணீரில் நின்றிருந்தாள். ஓடி ஒளிந்த ஒரு நண்டைத் துரத்தி, தடுமாறி, தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடையில் கல்லாவுக்குப் பின்னால் இத்தனை வருடமாக உட்கார்ந்திருந்தவளிடம் இந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை.

ஒற்றைச் செருப்போடு அவளருகில் போனார்.

"ப்ரியா, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது. பாங்காக்லயும் நான் ஒண்ணும் பாக்கல. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஏசி ஹால்ல உக்கார வச்சு, பாலியஸ்டர் பத்திப் படம் போட்டுக் காட்டுனானுவ."

"அப்ப கடலு?"

"பஸ்ஸுல போகும்போது இடது பக்கமாத் தெரிஞ்சுதாம். எனக்கு வலது பக்க சீட்டு."

சிரிக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. ஈரமணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் விறைப்பாக நின்ற வெள்ளைச்சாமியும் அவளருகே உட்கார்ந்தார். வேட்டி நனைவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"பொங்கல் யாவாரம் முடியட்டும்" என்றாள் அவள். "கடைய எங்க அக்கா தங்கபுஷ்பம் பாத்துக்கிடுவா. நாம அந்தமானுக்குப் போறோம். மில்காரன் ஒருத்தனும் கூட வரக் கூடாது."

அவர் வேகமாகத் தலையாட்டினார்.

சொன்னபடியே தை மாதம் போனார்கள். கிளம்பிய மூன்றாம் நாள் குழுவில் ஷண்முகப்ரியா ஒரு படம் போட்டாள். பச்சை மலைச்சரிவு, அதன் காலடியில் வெள்ளை மணல், ஓரத்தில் தொப்பி போட்ட அவள். 'வரி எதுவும் எழுதலயே?' என்று சூடாமணி கேட்டார். பதிலாக ஒரு குரல்பதிவு வந்தது. அதில் பேச்சே இல்லை. படகின் மோட்டார் இரைச்சல், அலை வந்து மோதும் சத்தம், அவளுடைய அடக்க முடியாத சிரிப்பு, அதற்குப் பின்னால் ஒரு மனிதர் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தியெடுக்கும் ஓசை.

சூடாமணி அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டார். பூஜையறையிலிருந்து வேதாந்தம் எட்டிப் பார்த்தார்.

"என்னடி சத்தம் அது?"

"ஒண்ணுமில்லே. வெள்ளைச்சாமி சமுத்திரத்தைப் பார்த்துண்டிருக்கார்."